செத்துக்கிடந்த பூனைக்குச் சலப்பையில கான்சரோ?

அலைகரை | 11.01.2025 இரவு 9.40

வணக்கம். வவுனிக்குளம் கட்டு றோட்டில நேற்று விடிய ஒரு பெரிய காட்டுப்பூனை செத்துக் கிடந்தது. உடம்பில காயம் ஒண்டும் தெரியேல்ல, வாலுக்குக் கீழ மட்டும் இரத்தம், சலம் போற இடத்தால வந்தமாதிரி. பக்கத்து வீட்டுப் பெடியன் அதை வீடியோ எடுத்து, அமெரிக்காவில மீன்பிடிப்பூனையள் சலப்பையில கான்சர் வந்து சாகுதாம், இப்ப இஞ்சயும் பரவிட்டுது, வயலுக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் எண்டு பேஸ்புக்கில போட்டுட்டான். சனம் பயந்துபோய்க் கிடக்கு. அந்தக் குளத்திலதான் மாடு தண்ணி குடிக்குது, நாங்கள் குளிக்கிறம். உண்மையோ? நாய் பூனைக்குத் தொத்துமோ, எங்களுக்கும் தொத்துமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஊசிக்காரன் | 11.01.2025 இரவு 10.15

முதல் என்ன பூனை எண்டு சொல்லும் தம்பி. வால் கட்டையோ நீட்டோ, மேல புள்ளி இருந்ததோ, காது கூரோ வட்டமோ. வீடியோ முழுக்க அந்தப் பெடியன்ர முகம்தான் தெரியுது, பூனையின்ர குண்டிப்பக்கம் ரெண்டு செக்கனும் இல்ல.

வெறுங்கையால தூக்க வேண்டாம். 1992க்கு அடிச்சுச் சொல்லும், வனஜீவராசி நம்பர்.

ஊசிக்காரன் | 11.01.2025 இரவு 10.22

தாட்டுப்போட்டம் எண்டு கீழ எழுதியிருக்கிறீர், இப்பதான் பாத்தன். தாட்டாலும் பரவாயில்ல, இடத்தில ஒரு தடி நட்டு வையும். நாய் கிளறாமப் பாரும்.

ஊசிக்காரன் | 12.01.2025 காலமை

இரவு நித்திரை வரேல்ல, அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன்.

நான் டொக்ரர் இல்ல. துணுக்காய் மல்லாவிப் பக்கம் இருபத்தைஞ்சு வருசம் மாட்டுக்குச் சினைஊசி போட்டுத் திரிஞ்சவன், சனம் வச்ச பேர்தான் மேல கிடக்கிறது. மிருக டொக்ரருக்குப் பின்னால பெட்டி தூக்கித் தூக்கி நாலு விசயம் தெரியும், மிச்சம் வாசிச்சது. பிழை இருந்தா அடியுங்கோ.

வீடியோப் பெடியன் அமெரிக்கா எண்டு சொன்னது பொய் இல்ல. மீன்பிடிப்பூனை எண்டுறது எங்கட நாட்டில இருக்கிற நாலு காட்டுப்பூனைச் சாதியில ஒண்டு, சிறுத்தையையும் சேத்துத்தான் நாலு. சிங்களத்தில ஹந்துன் திவியா. வட அமெரிக்காவில மிருகக்காட்சிச்சாலையளில வளக்கிற இந்தப் பூனையளுக்குச் சலப்பையின்ர உள்த்தோலில ஒரு கான்சர் வாறது, 2004ல நாலு பூனையப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, 2006ல இன்னும் விரிவா ஒண்டு. அதில 1995க்கும் 2004க்கும் இடையில 91 பூனை, அதில நூற்றுக்கு 13 பூனைக்கு இந்தக் கான்சர். வீட்டுப்பூனைக்கு இது வாறதே அருமை, நாய்க்குக் கொஞ்சம் கூட. அப்ப நூற்றுக்கு 13 எண்டுறது சின்ன விசயம் இல்ல, அதுதான் அவை தலையப் பிச்சுக்கொண்டு ஆராயினம்.

உள்த்தோல் எண்டு சொன்னனே, சலப்பை நிரம்பேக்க பலூன் மாதிரி விரியும், போனாப்பிறகு சுருங்கும், அதுக்கேத்தமாதிரி இழுபட்டுச் சுருங்கிற கலங்களால ஆன தோல் அது. சலத்தில என்ன நஞ்சு வந்தாலும் மணிக்கணக்கா அந்தத் தோலிலதான் ஊறிக்கொண்டு நிக்கும். கான்சர் அங்க துவங்கிறதில புதினம் இல்ல. துவங்கிறது சலப்பைக் கழுத்தடியில, கிட்னியில இருந்து வாற ரெண்டு குழாயும் வந்து விழுற முக்கோண இடத்தில, நாய் பூனை எல்லாத்துக்கும் அப்பிடித்தான். கட்டி வளந்து குழாய அடைச்சா கிட்னி வீங்கும், அதோட கதை முடிஞ்சுது.

ஆனா இரத்தம் கண்டவுடன கான்சர் எண்டுறதுதான் எனக்கு விளங்கேல்ல. நான் வேலை செய்த காலத்தில மாடு சிவப்பாச் சலம் விடுது எண்டு ஆக்கள் ஓடி வருவினம், பத்துக்கு ஒன்பது உண்ணிக்காய்ச்சல், உண்ணி கடிக்கேக்க ஏறுற கிருமியால இரத்தக்கலம் உடைஞ்சு அந்த நிறம் சலத்தில வாறது. ஊசி போட்டா எழும்பி நிக்கும். மாட்டுக்கும் சலப்பையில கட்டி வாறது உண்டுதான், அது பன்னம் எண்ட செடியத் தின்னுற மலைநாட்டு மாடுகளுக்கு, நீலகிரிப் பக்கம் பேர்போன வருத்தம். எங்கட வன்னி மாடு பன்னத்துக்கு எங்க போறது, பாலைக்கும் வீரைக்கும் கீழ நிக்கிறது.

ஊசிக்காரன் | 12.01.2025 பின்னேரம்

காலமை எழுதினதில ஒரு பிழை. வட்டக்கச்சிக்காரர் ஒருத்தர் பிடிச்சுக் காட்டிட்டார், நன்றி. நூற்றுக்கு 13 பூனைக்குக் கான்சர் எண்டு நான் எழுதினது சரியில்ல. அந்தப் பத்து வருசத்தில செத்த வளந்த பூனை 91, அதில 12 செத்தது இந்தக் கான்சரால. செத்ததில 13 வீதம், உயிரோட நிண்டதில இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் கிடக்கு. ஊரில செத்த வீட்டுக் கணக்க எடுத்து ஊர்ச் சனத்தொகை எண்டு சொன்னமாதிரிப் போச்சு.

இன்னொண்டு. அலைகரைத் தம்பி படம் அனுப்பினவர். கட்டை வால், தடிச்சது, உடம்பில வரி வரியாப் புள்ளி, வட்டக் காது, நெத்தியில கோடு. மீன்பிடிப்பூனைதான். இதை ஏன் காட்டுப்பூனை எண்டு எழுதினீர் எண்டு கேக்கேல்ல, எங்கட ஊரில வீட்டுப்பூனைக்கு மேல எது நிண்டாலும் காட்டுப்பூனை, அதுக்கும் மேல நிண்டாப் புலி. உண்மையான காட்டுப்பூனைக்குப் புள்ளி இராது, காது கூர், நுனியில கறுப்பு மயிர். மற்றது துரும்பன் பூனை, வீட்டுப்பூனையிலும் சின்னன், ஒண்டரைக் கிலோ வந்தாப் பெரிசு, அதைப் பாத்த ஆக்களே ஊரில குறைவு.

ஊசிக்காரன் | 13.01.2025

"பரவிட்டுது" எண்டுற சொல்லுத்தான் இந்தக் குழப்பம் முழுக்கவும்.

கான்சர் பரவுது எண்டு டொக்ரர் சொல்லேக்க ஒரே உடம்புக்குள்ள நடக்கிறதச் சொல்லுறார். சலப்பைத் தோலில துவங்கி, தோலைத் துளைச்சு, கீழ இருக்கிற தசைக்குள்ள இறங்கி, அங்க ஓடுற நிணநீர்க் குழாயால இடுப்புக்குள்ள இருக்கிற நெறியளுக்குப் போய், பிறகு சுவாசப்பை, ஈரல், எலும்பு எண்டு தெறிக்கிறது. காலில புண் வந்தாக் கவட்டில நெறி கட்டுமெல்லோ, வழி அதே வழிதான், போற ஆள்தான் வேற. வேலிக்கு வெளியில, பக்கத்து வளவு நாய்க்குப் போறதில்ல.

சனம் பரவுது எண்டு சொல்லேக்க கொலறா பரவின மாதிரி நினைக்குது.

அப்ப கான்சர் ஒண்டும் ஆளுக்காள் தொத்தாதோ எண்டு முந்தி நானும் அடிச்சுச் சொல்லுவன், தொத்தாது எண்டு. பிறகு எங்கட டொக்ரரே வெக்கப்படுத்தினவர். தெருநாயளுக்கு மறைவிடத்தில பூக்கோவா மாதிரிக் கட்டி தொங்கி இரத்தம் வடியிறதப் பாத்திருப்பியள், அது நாய்க்கு நாய் தொத்துற கான்சர், பொலியேக்க ஒண்டின்ர கான்சர்க் கலமே மற்றதில ஒட்டி வளருது. வின்கிறிஸ்ரின் எண்ட மருந்த நாளத்தில ஏத்தினாக் கரைஞ்சுபோகும், நானே நாய நாலுபேரோட சேந்து அமத்திப் பிடிச்சிருக்கிறன். அவுஸ்திரேலியாப் பக்கம் ரஸ்மேனியாத் தீவில ஒரு மிருகம், ஒண்டையொண்டு மூஞ்சியில கடிச்சுக் கடிச்சுக் கான்சரக் குடுக்குது, 1996ல கண்டுபிடிச்சது. அப்பிடி உலகத்தில விரல்விட்டு எண்ணுற அளவுதான். பூனைச் சலப்பைக் கான்சர் அந்தப் பட்டியலில இல்ல. குளத்துத் தண்ணியால உங்களுக்கு வாறதுக்கு வழியே இல்ல.

குளத்துத் தண்ணியால பயப்பிட வேண்டியது வேற. போன மார்கழியில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் வந்து ஆக்கள் செத்தது மறந்துபோச்சோ? வெள்ளத்துக்குப் பிறகு காலில புண்ணோட வயலுக்க இறங்கிறவை அதைப் பாருங்கோ.

ஊசிக்காரன் | 14.01.2025

இண்டைக்குப் பொங்கல். கான்சர்க் கதை வேண்டாம்.

ஊசிக்காரன் | 14.01.2025 இரவு

சரி ஒண்டே ஒண்டு, சிரிக்காம இருக்கேலாது. கீழ ஒருத்தர் கேட்டிருக்கிறார் சலப்பைக் கான்சருக்கு முக்கிய காரணம் சிகரெட் எண்டு டொக்ரர் சொன்னவராம், அப்ப பூனை எப்ப பத்தினது எண்டு. கடைக்காரரிட்டக் கேளுங்கோ, கடனுக்கு வாங்கியிருக்கும்.

ஊசிக்காரன் | 16.01.2025

பட்டிப்பொங்கலும் முடிஞ்சுது, மாட்டுக்கு மாலை கட்டி முதுகு பிடிச்சுப்போச்சு. மருந்துக் கதைக்கு வாறன்.

முதல்நாள் நான் நினைச்சது, பெடியன் விசர்க்கதை கதைக்கிறான் எண்டு. வயலுக்கு அடிக்கிற மருந்தால பூனைக்குச் சலப்பைக் கான்சர் எண்டா யார்தான் சிரிக்காம இருப்பினம். ஆனா 2004ல அமெரிக்காவில ஸ்கொட்டிஷ் ரெரியர் எண்ட நாய்ச்சாதியில ஒரு ஆய்வு நடந்தது. அந்தச் சாதி நாய்க்கு மற்ற நாயளவிடச் சலப்பைக் கான்சர் பதினெட்டு, இருபது மடங்கு கூட வாறது, பிறப்பிலயே அப்பிடி ஒரு சாதி. அந்த நாயளில, வீட்டுப் புல்லுத்தரைக்குப் புல்லு மருந்து அடிச்ச வீட்டு நாய்க்கு இன்னும் கூட வந்திருக்கு. என்ன மருந்து எண்டு பாத்தா ஃபீனொக்சி எண்ட குடும்பம். எங்கட வயலில நெல்லு விதைச்சு மூண்டாம் நாலாம் கிழமை கோரைக்கும் அகண்ட இலைப் புல்லுக்கும் நாங்கள் அடிக்கிற எம்சீபீஏ இருக்கெல்லோ, அதுவும் அதே குடும்பம். நானே கார்த்திகையில முதுகில ராங்கியக் கட்டிக்கொண்டு அடிச்சனான், சேட்டும் போடாம.

வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தன்.

பெடியன் சொன்னது நிரூபணம் ஆச்சு எண்டு நான் சொல்லேல்ல. அது நாய், அதுவும் கான்சருக்கெண்டே பிறந்த சாதி, வீட்டு முத்தத்துப் புல்லில உருண்டு பிரண்டு காலை நக்குறது. மீன்பிடிப்பூனை குளத்தில முங்கி மீன் பிடிக்குது, வயலுக்க எலி பிடிக்குது, அதின்ர காலிலயும் மருந்து ஒட்டும்தான், நக்கும்தான். ஆனா கான்சர் வந்த அந்தப் பூனையள் அடைச்சு வச்ச பூனையள், வயல் எண்டாலே என்னெண்டு தெரியாததுகள், எங்கட மருந்து அதுகளின்ர கிட்டவும் போகேல்ல. அப்ப அந்தக் கான்சருக்கு எங்கட வயல் பொறுப்பில்ல. எங்கட பூனைக்கு எங்கட வயல் பொறுப்போ எண்டா, அதுக்கு முதல் எங்கட பூனையில ஒண்டுக்காவது கான்சர் வந்திருக்கோணும்.

மருந்து எண்டு நாங்கள் அதுக்குப் பேர் வச்சதுதான் பெரிய பகிடி.

ஊசிக்காரன் | 18.01.2025

பூனை சலம் போக முக்குது, இரத்தம் வருது, இதுவும் கான்சரோ எண்டு முள்ளியவளையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. பிள்ளை, இதை வாசிச்சவுடன பூனையத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிட்டப் போம். கடுவன் எண்டா இண்டைக்கே.

எங்கட வீட்டிலயும் ஒரு கடுவன் நிண்டது, பேத்தியின்ர. சாம்பல் குவியலில குந்திக் குந்தி முக்கிச்சுது. நான் பெரிய அனுபவசாலியெல்லோ, மலம் இறுகிப்போச்சு எண்டு சொல்லி ஆமணக்கெண்ணெய் பருக்கினன். பேத்தி சொன்னவள் அப்பப்பா அது சலம் போகத்தான் முக்குது எண்டு, பாரன் கையை வச்சு, வயிறு கல்லுமாதிரிக் கிடக்கு எண்டு. நான் கேக்கேல்ல. அடுத்தநாள் சத்தி, படுத்த படுக்கை. மோட்டச்சைக்கிளில பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டுபோனது, டொக்ரர் சின்னக் குழாய் விட்டு உடைச்சுவிட மணல் மாதிரி வந்து இரத்தச் சலம் சீறிச்சுது. தப்பிட்டுது. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தாச் செத்திருக்கும், நஞ்சு இரத்தத்தில ஏறி.

வீட்டுப்பூனையில சலத்தில இரத்தம் எண்டா அனேகமா இப்பிடி அடைப்பு, இல்லாட்டிக் கல்லு, இல்லாட்டிக் காரணமே தெரியாத சலப்பை அழற்சி, பூனைக்கு மனசில பயம் வந்தாலும் அது வரும், வீடு மாறினா, புது நாய் வந்தா. கான்சர் கடைசிக் கடைசி. கிழட்டுப் பூனையில, மருந்து குடுத்தும் திரும்பத் திரும்ப வந்தாத்தான் அந்த நினைப்பு வரோணும்.

பேத்தி இப்பவும் ஆமணக்கெண்ணெய்ப் போத்தில எனக்குக் காட்டிச் சிரிப்பாள்.

ஊசிக்காரன் | 19.01.2025

12ஆந் திகதி எழுதினத இண்டைக்குத் திருப்பி வாசிச்சன், இன்னொரு பிழை. கட்டி சலப்பைக் கழுத்தடியில எண்டு எல்லாத்துக்கும் சேத்து அடிச்சுவிட்டிட்டன். அது நாய்க்குத்தான். வீட்டுப்பூனைக்குக் கழுத்தடிய விட்டு வேற பக்கத்திலயும் கனக்க வாறது. இதில லாபமும் உண்டு, ஓரத்தில இருந்தா வெட்டி எடுக்கலாம், கழுத்தடியில கத்தி வைக்கேலாது. நாய்க்கு அதாலதான் பைரொக்சிகாம் மாதிரி அழற்சி மருந்தக் குடுத்து இழுக்கிறவை.

இன்னொண்டும் ஞாபகம் வந்தது. சாதாரணமா நாய் பூனையின்ர சலம் எடுக்க வயித்தால ஊசி குத்தி நேர சலப்பையில இருந்து உறிஞ்சிறது. கட்டி எண்டு சந்தேகம் இருந்தா அப்பிடிக் குத்த மாட்டினம். ஊசி வாற வழி நெடுக கான்சர்க் கலம் கொட்டுப்பட்டு வயித்துத் தசையில முளைக்கும், மிளகாய் விதை கைதவறி வரம்பு நெடுக விழுந்தமாதிரி. "பரவுது" எண்டதுக்கு இதுவும் ஒரு வழி, நாங்களே பரப்பிறது.

ஊசிக்காரன் | 20.01.2025

பூனைய வெட்டிப் பாத்தாச்சு.

அலைகரைத் தம்பி 12ஆந் திகதியே 1992க்கு அடிச்சிருக்கிறார், அண்டு பின்னேரமே பெடியள் வந்து கிண்டி எடுத்துக் கொண்டுபோனவை, நான் நடச்சொன்ன தடி உதவிச்சுது. மிருக டொக்ரர் சொன்னது இது. ஆண், இளசு, பல்லு வெள்ளை வெளேரெண்டு, மூண்டு வயசும் வராது. வெளியில ஒரு கீறல் இல்ல. உள்ளுக்க இடுப்பெலும்பு ரெண்டு இடத்தில உடைஞ்சிருக்கு, சலப்பை வெடிச்சுக் கிடக்கு, வயித்துக்க இரத்தமும் சலமும். வாகனம் பின்பக்கத்தில தட்டியிருக்கு. சலப்பை நிரம்பி இருக்கேக்க அடிபட்டாத் தண்ணிப் பை மாதிரி வெடிக்கும். வாலடியில கண்ட இரத்தம் அதாலதான். நெறியள் வீங்கேல்ல, சுவாசப்பையில முடிச்சு ஒண்டும் இல்ல. இரைப்பையில மீன் செதிலும் எலி மயிரும்.

சலப்பைத் துண்டு ஒண்டை ஃபோமலினில போட்டுப் பேராதனைக் கம்பசுக்கு அனுப்பியிருக்கினமாம், கேள்வி எழும்பினபடியா.

ஊசிக்காரன் | 20.01.2025 பின்னேரம்

அப்ப கதை முடிஞ்சுது தானே எண்டு ஒருத்தர் போட்டிருக்கிறார். முடியேல்ல. அமெரிக்காவில வருது எங்கட குளத்தில காணேல்ல எண்டா ஏன் எண்டு யோசிக்க வேண்டாமோ.

ஒரு பக்கம், வயசு. அங்க கூட்டுக்க வேளாவேளைக்கு இறைச்சி, ஊசி, டொக்ரர், பத்து வயசைத் தாண்டி வாழுது. கான்சர் எண்டுறது கூடுதலாக் கிழட்டு வருத்தம். எங்கட பூனை அந்த வயசைக் காணுறதில்ல. றோட்டில தட்டுப்படும், பண்டிக்குக் கட்டின கம்பிச் சுருக்கில கழுத்து மாட்டும், வலையில மாட்டின மீனை எடுக்கப்போய் அதுவும் சிக்கும். கான்சர் வர முதலே கணக்கு முடிஞ்சிடும்.

மற்றப் பக்கம், காட்டில செத்தா ஆர் பாக்கிறது. ரெண்டு நாளில உடும்பும் பண்டியும் நரியும் முடிச்சிடும். அங்க ஒண்டு விடாம வெட்டிப் பாக்கினம். ஆகையால காணேல்ல எண்டுறத இல்ல எண்டு நானும் எழுதக்கூடாது. மூண்டாவது, அங்க நிக்கிற பூனையள் கொஞ்சப் பூனையில இருந்து பெருகினது, சொந்தத்துக்குள்ள சொந்தம், குடும்பத்தில ஓடுற வருத்தமாவும் இருக்கலாம்.

ஊசிக்காரன் | 23.01.2025

மாமாவின்ர கதை எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சனான். எழுதுறன், ஏனெண்டா பூனைக்குப் பயந்த ஆக்களில அரைவாசிப்பேர் இதை வாசிக்கோணும்.

எங்கட மாமா, மனிசியின்ர தகப்பன், ஐம்பது வருசம் சுருட்டு. ரெண்டு வருசத்துக்கு முந்திச் சலம் சிவப்பாப் போச்சு. நோ இல்ல, எரிவு இல்ல. நோ இல்லாதபடியா எல்லாரும் சூடு எண்டு முடிவெடுத்தம். இளநீர், வெந்தயம் ஊறவச்ச தண்ணி, நன்னாரி வேர். நாலு நாளில நிறம் தெளிஞ்சுது, பாத்தியளோ எண்டு மாமி புழுகினா. ரெண்டு மாசத்தால திரும்ப வந்தது, திரும்ப இளநீர். மூண்டாம் முறை கட்டி கட்டியா இரத்தம். அப்பதான் ஸ்கான் எடுத்தது, சலப்பைக்க பூக்கோவா மாதிரி ஒண்டு.

இந்தக் கான்சர் அப்பிடித்தான் விளையாடும், இரத்தம் வரும், தானா நிக்கும், நாங்கள் எங்கட வைத்தியத்தால நிண்டது எண்டு நினைப்பம். ஆக்களில வாறதில கிட்டத்தட்ட அரைவாசிக்குப் புகைதான் காரணம், சுருட்டில இருக்கிற நஞ்சு இரத்தத்தால கிட்னிக்குப் போய்ச் சலத்தில இறங்கி அந்தத் தோலில ஊறுது. நல்லகாலம் தசைக்குள்ள இறங்கேல்ல. கமராக் குழாயால வழிச்செடுத்து, பிறகு கிழமைக்கு ஒருக்கா ஆறு கிழமை சலப்பைக்குள்ள பீசீஜி விட்டவை. ஓம், பிறந்த பிள்ளையின்ர கையில போடுற அதே பீசீஜி, சயரோகத்துக்கு. சலப்பைத் தோலில அதை விட உடம்பின்ர காவல் முழிச்சுக் கான்சரையும் சேத்து அடிக்குதாம். ஆர் கண்டுபிடிச்சாரோ கும்பிடோணும்.

மாமா சுருட்ட விட்டாரோ எண்டு கேக்க வேண்டாம்.

ஊசிக்காரன் | 25.01.2025

புதுக்குடியிருப்பு ஆள் ஒருத்தர் வைரஸ் கதை கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி. அமெரிக்காவில ரகூன் எண்டொரு மிருகம், குப்பைவாளி கிண்டித் திரியும், கண்ணைச் சுத்திக் கறுப்பு. அதின்ர மூளையில கட்டி வரப்பண்ணிற பொலியோமா வைரஸ் ஒண்டு இருக்கு. கான்சர் வந்த மீன்பிடிப்பூனையள் சிலதின்ர சலப்பைக் கட்டியிலயும் அந்த வைரஸக் கண்டிருக்கினம். இப்ப 13ஆந் திகதி நான் தொத்தாது எண்டு எழுதினதுக்கு ஒரு வால் வைக்கோணும், கான்சர்க் கலம் தொத்தாது, ஆனா கான்சரக் கிளப்பிற கிருமி தொத்தலாம். பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்தில வாறதும் அப்பிடித்தானே.

உடன கீழ ஒராள்: எங்கட மரநாயும் ரகூனும் ஒண்டுதானே, அப்ப எங்களுக்கும் இருக்கு. ஐயா, மரநாய் ரகூன் இல்ல, முகத்தில கறுப்பு இருந்தா ஒண்டாயிடுமோ. மரநாய் பூனைப் பக்கத்துச் சொந்தம், ரகூன் நாய், கரடிப் பக்கம். இலங்கைக் காட்டில ரகூனே இல்ல. தயவுசெய்து இதை வீடியோ ஆக்க வேண்டாம், பிறகு மரநாய்க்கும் பொல்லுத் தூக்குவினம்.

பொல்லு எண்டு சும்மா சொல்லேல்ல. 2018 ஆனியில கிளிநொச்சி அம்பாள்குளத்தில சிறுத்தை ஊருக்க வந்து ஆக்களக் காயப்படுத்தி, பிறகு சனம் சேந்து அடிச்சுக் கொண்டு, படமும் எடுத்துப் போட்டது எல்லாருக்கும் தெரியும். காயப்பட்ட சனத்தின்ர கோவம் விளங்குது. ஆனா இப்ப "கான்சர்ப் பூனை" எண்டு ஒரு பேர் வச்சாச்சு, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில ஒண்டு நிண்டா என்ன நடக்கும். அந்த யோசினையிலதான் நான் இவ்வளவும் இருந்து குத்திறன், ஒரு விரலால.

ஊசிக்காரன் | 09.02.2025

அரிவுவெட்டு. நேரமில்ல. வீடியோவ அழி எண்டு பெடியனுக்குச் சொன்னன், ஆறாயிரம் பேர் பாத்ததாம், அழிக்க மனம் வரேல்லயாம். கீழ "வாகனம் தட்டினது" எண்டு ஒரு வரி சேர்க்கிறன் எண்டவன். சேர்த்தும் இருக்கிறான், எழுத்துச் சின்னன், எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டுது.

ஊசிக்காரன் | 02.03.2025

பேராதனை முடிவு வந்திட்டுதாம், மிருக டொக்ரர் போனில சொன்னார். சலப்பைத் துண்டில கட்டிக் கலம் ஒண்டும் இல்ல, நசிஞ்சு இரத்தம் பிடிச்ச தசைதான். ஒரு பூனை, ஒரு துண்டு. அவ்வளவுக்குத்தான் அது பதில்.

அலைகரைத் தம்பி, பூனை கிடந்த இடம் துருசுக்குப் பக்கத்தில வாய்க்கால் றோட்டைக் கடக்கிற இடம்தானே? போன வருசமும் அதே இடத்தில ஒண்டு தட்டுப்பட்டது, அப்ப நான் சைக்கிளில பாத்துக்கொண்டு போனனான், ஒருத்தருக்கும் சொல்லேல்ல. வாய்க்காலால ஏறிக் குளத்து அலைகரைக்குப் போற வழி போல. மணல் ரிப்பர் ஓடுறது விடியப்புறம், அதுகள் வேட்டைக்குப் போய்த் திரும்பிறதும் அப்பதான். வேகத்தடை ஒண்டு கேட்டுக் கமக்கார அமைப்புக் கூட்டத்தில கதைச்சனான், மாட்டுக்கும் உதவும் எண்டு சொன்ன பிறகுதான் தலையாட்டினவை. கடிதம் எழுதியாச்சு. நீரும் வந்து ஒரு கையெழுத்து வையும்.

ஊசிக்காரன் | 05.03.2025

கேள்வி கேட்டு மூண்டுபேர் நிக்கிறியள், நாளையிண்டைக்கு எழுதுறன். நாளைக்கு மாமாவுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில கமரா விட்டுப் பாக்கிற நாள், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, இது திரும்ப முளைக்கிற சாதி. நாலு மணி பஸ். மாமி இளநீர் வெட்டிக் கட்டி வச்சிருக்கிறா, வழியில குடிக்க.